களிம்பு டப்பாவை எறிந்துவிடாதீர்கள்

புதிதாகச் சந்தைக்கு வந்த ஒன்றை உபயோகித்துப் பார்க்க விரும்புவது மனித சுபாவம். அதை நான் குற்றமென்று சொல்லவில்லை. ஆனால், கைப்பேசியில் யாரோ பூசிக் காட்டினார் என்பதற்காக, ஏழே நாளில் முகம் வெளுக்குமென்று விற்கப்படும் களிம்பை ரசீதும் கேளாமல் வாங்கி, கன்னம் சிவந்து தோல் உரியத் தொடங்கியதும் பயந்துபோய் டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டு, பிறகு வெறுங்கையோடு நியாயம் கேட்டு அலைகிறவர்களை அடிக்கடி காண்கையில், வியாபாரியின் மேல் எழுகிற கோபம் இவர்கள் மேலும் எழத்தான் செய்கிறது.

இது தோலோடு முடிகிற விஷயமன்று. கேரளத்தில் மலப்புறம் பகுதியில், சிறுநீரில் புரதம் ஒழுகும் வியாதியோடு வந்த சிலரை 2023-இல் மருத்துவர்கள் விசாரித்தபோது, அவர்களிற் பலர் சிவப்பழகுக் களிம்பு பூசி வந்தது தெரிந்தது. அக்களிம்புகளில் பாதரசம் மிதமிஞ்சி இருந்தது. அது தோலின் வழியே ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லது. 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, கண்ணுக்கு இடுபவை நீங்கலாக மற்றவற்றில் தற்செயலாகக் கலந்த பாதரசங்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஆகையால் உள்நாட்டுச் சரக்கில் உற்பத்தி உரிம எண்ணும், வெளிநாட்டுச் சரக்கில் இறக்குமதிப் பதிவுச் சான்றிதழ் எண்ணும், இரண்டிலும் பொறுப்பாளரின் முழு முகவரியும் இல்லையென்றால், எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.

"பில் எதுக்குக்கா? ஒத்துக்கலேன்னா கொண்டு வாங்க, மாத்தித் தரேன்" என்பார் கடைக்காரர். ரசீது தர மறுப்பதும், ரசீதில் வேறு கெடு குறிப்பிடாதபோது பழுதான சரக்கை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வர்த்தகம். தாய் வாங்கிய களிம்பை அவள் சம்மதத்தோடு பூசிய மகளும் அச்சட்டத்தின் பார்வையில் நுகர்வோரே.

தீங்கு நேர்ந்ததும் முதலில் பூசுவதை நிறுத்தி மருத்துவரிடம் செல்லுங்கள். பூசிய களிம்பின் பெயரை மருத்துவச் சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். டப்பாவில் மிஞ்சியிருப்பதை வழிக்காமல், தொகுதி எண் அச்சிட்ட அட்டைப்பெட்டியோடு உறையிலிட்டுப் பத்திரப்படுத்துங்கள். பரிசோதனையின்றிக் குறையை நிரூபிக்க இயலாத வழக்கில், நுகர்வோர் குறைதீர் ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்; அனுப்புவதற்கு மாதிரி உங்களிடம் இருந்தால்தானே!

மனுவை ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமைக் குறைதீர்க் கூட்டத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் அநேகர். அது மேசைக்கு மேசை நகர்ந்து, "உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது" என்ற ஒற்றை வரிப் பதிலாகத் திரும்பி வரும். செல்ல வேண்டிய இடங்கள் வேறு. விற்பனையைத் தடுக்கப் புகார் கொடுப்பது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளரிடம். வாங்கியவரே கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதித்து அறிக்கை பெறும் உரிமையை 1940-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டத்தின் 26-ஆம் பிரிவு தருகிறது. கீழ்நிலை அலுவலர் "அப்படியெல்லாம் கிடையாது" என்று சொன்னால், பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் பதில் கேளுங்கள்.

நஷ்டஈட்டுக்குரிய இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். அதிலே சமரசம் ஏற்படாவிட்டால், கடைக்காரருக்கும் தயாரிப்பாளருக்கும் ஒப்புகையுடன் தபாலில் அறிவிப்பு அனுப்பிவிட்டு, ரசீது, மருத்துவச் சீட்டு, டப்பாவின் புகைப்படம், தபால் ஒப்புகை ஆகியவற்றின் நகல்களோடு ஆணையத்தில் மனுச் செய்யுங்கள். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம். சோதனை தேவைப்படும் வழக்கை, எதிர்தரப்புக்கு அறிவிப்புச் சேர்ந்ததிலிருந்து ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டுமென்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தாவின் மேல் வாய்தா விழுவதை நான் மறைக்கவில்லை. அதனால்தான் காலத்தைக் கடத்தாதீர்கள் என்கிறேன்: தீங்கு நேர்ந்த நாளிலிருந்து இரண்டு வருஷமே கெடு, மூல ரசீதை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், டப்பாவையும் எறிந்துவிடாதீர்கள்.