வீட்டுத் தோட்டத்தில் அடுக்கு நிலச்சம்பங்கி

மணமுள்ள அடுக்கு டாபடில் மலரின் படத்தைக் கண்டு அதன் கிழங்கை வாங்க எண்ணும் கம்பளைக் கமக்காரர் ஒன்றை அறிதல் வேண்டும். அக்கிழங்கு பூப்பதற்குச் சில மாதக் கடுங்குளிர் இன்றியமையாதது. ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கம்பளையில் அத்தகைய குளிர் இல்லை. இலை தோன்றினாலும் மலர் தோன்றாது, பணம் வீணாகும். வெண்மை, அடுக்கிதழ், நறுமணம் மூன்றையும் நமது வெப்பத்திலேயே தரவல்லது மெக்சிக்கோ நாட்டிற் பிறந்த நிலச்சம்பங்கியாகும்.

வகை: ஒற்றைப் பூவில் மணம் மிகுதி; அது மாலைக்கு உகந்தது. அடுக்குப் பூ தண்டோடு வெட்டிப் பூச்சாடியில் வைப்பதற்கு ஏற்றது. பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் சுவாசினி அடுக்கு வகையினது. ஆயினும், பிறநாட்டுக் கிழங்கை அனுமதியின்றிக் கொண்டுவரலாகாது.

கிழங்கு: ஒரு கிழங்கு ஒருமுறையே பூக்கும், அதன்பின் அதன் பக்கக் கிழங்குகளே பூக்கும். எனவே, பூத்து முடிந்த தாய்க் கிழங்கை விலைகொடுத்து வாங்காதீர்கள். ஓர் அங்குல விட்டமுள்ள, கெட்டியான பக்கக் கிழங்கையே தெரிந்தெடுங்கள்.

நடுகை: நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். ஆதலால் வயலோரத் தாழ்நிலத்தை விலக்கி, வெயில் படும் மேட்டில் 9 அங்குல உயரப் பாத்தி அமைத்து, மக்கிய மாட்டெருவும் உமிச்சாம்பலும் கலந்திடுங்கள். தக்காளி, கத்தரி ஆகியவற்றின் வேரில் முடிச்சுக் கண்ட நிலம் ஆகாது. அம்முடிச்சை உண்டாக்கும் நூற்புழு இதனையும் தாக்கும். வரிசைக்கு வரிசை 18 அங்குலமும், கிழங்குக்குக் கிழங்கு 8 அங்குலமும் இடைவெளி விட்டு, 2 அங்குல ஆழத்தில் நடுங்கள்.

காலம்: ஐப்பசி, கார்த்திகைப் பெருமழை தணிந்தபின், டிசம்பர் மாத நடுப்பகுதியில் நடுதல் நன்று. நட்ட 3 முதல் 4 மாதங்களிற் பூக்குமாதலால், சித்திரைப் புத்தாண்டையொட்டி மலர் கிடைக்கும். தை, மாசி வறட்சியில் வைக்கோல் பரப்பி, மண் காயாது நீரூற்றுங்கள்.

அறுவடை: அடியிலுள்ள ஓரிரு மொட்டுகள் விரிந்ததும், அதிகாலையில் தண்டை வெட்டி உடனே நீரில் நிறுத்துங்கள். இலை மஞ்சளான பின் கிழங்கைத் தோண்டிப் பிரித்து, நிழலில் உலர்த்திச் சேமியுங்கள். முதலில் ஒரு சிறு பாத்தியில் நட்டுப் பயன் கண்ட பின்னரே பெருக்குங்கள். ஐயமேற்படின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுங்கள்.