பழனிமலை மரமும் புற்றுநோய் மருந்தும்: 'ஸ்கிரீனிங்' எப்படி நடக்குது?

பழனிமலை உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் சின்ன மரம் நோத்தபோடைட்டீஸ். இதில் கேம்ப்டோதெசின் இருப்பதை 1972-ல் டி.ஆர்.கோவிந்தாச்சாரியும் என்.விஸ்வநாதனும் கண்டறிந்தனர். அந்தப் பொருளை மாற்றியமைத்து வந்தவைதான் டோப்போடெக்கான், இரினோடெக்கான் புற்றுநோய் மருந்துகள்.

இப்படிப்பட்ட பொருளை இப்போ எப்படித் தேடுறாங்க? 'ஹை-த்ரூபுட் ஸ்கிரீனிங்' மூலம். உள்ளங்கை அளவு தட்டில் 384 குழிகள். ஒவ்வொன்றிலும் புற்றுச்செல்கள்; அவற்றின் மேல் வேறு வேறு பொருளை ரோபோ சொட்டுவிடும். எந்தக் குழியில் செல்கள் செத்தன என்பதைக் கருவி படிக்கும். ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் சோதிக்கலாம். ரோபோ இல்லாத ஆய்வகங்கள் கட்டணம் கட்டிச் செய்துகொள்ளலாம்.

சிக்கும் 'ஹிட்' உடனே மருந்தாகாது. நல்ல செல்லையும் கொல்லுதான்னு பார்க்கணும். இன்னொரு சிக்கல்: சோதனைக்குத் துளி போதும், மருந்துக்கு மரமே வேணும். வெட்டி வெட்டியே இந்த மரம் அருகிவருகிறது.