குணமாகாத நுரையீரல் வருத்தம்: துணையாய் நிற்பவர் கேட்க வேண்டியவை

"இது முழுசாச் சுகமாகாது" என்று டொக்டர் சொல்லும்போது பக்கத்தில் நிற்கும் மனைவியின் கையில் ஒரு எக்ஸ்ரே உறையும் மருந்துத் துண்டும்தான் இருக்கும். அந்தப் பேச்சு அவர் காதில் "இனி ஒண்டும் செய்ய ஏலாது" என்று விழுகிறது. இரண்டும் ஒன்றல்ல. சுகமாகாத நோயில்தான் செய்ய வேண்டியவை அதிகம், அவற்றில் பாதி மருந்து சம்பந்தப்பட்டதே அல்ல.

முதலில் நோயின் பெயரைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். எங்கள் வீடுகளில் எல்லா மூச்சு வருத்தத்துக்கும் 'முட்டு' என்பதே பெயர். ஆனால் சி.ஓ.பி.டி. எனப்படும் நாட்பட்ட சுவாசத் தடை நோயின் வழி வேறு, நுரையீரல் தழும்பேறி இறுகும் பைப்ரோசிஸின் வழி வேறு. முதலாவது, இன்ஹேலரைச் சரியாக இழுத்து, சிகரெட்டையும் விறகுப் புகையையும் விட்டால், பல ஆண்டுகள் ஓரளவு கட்டுக்குள் நிற்கும். காரணம் தெரியாத பைப்ரோசிஸ் வேகமானது. கண்டறிந்த பின் ஆயுள் பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள் என்பது பழைய கணக்கு. 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிர்பெனிடோன், நின்டெடனிப் ஆகிய மருந்துகள் தழும்பேறுவதை மெதுவாக்கும், நிறுத்தாது. விலையும் அதிகம். ஆகவே "இந்த மருந்தால் இவருக்கு என்ன மிச்சம்?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல, குடும்பத்தின் உரிமை.

கொழும்பில் இதற்குப் பெரியாஸ்பத்திரி எனப்படும் தேசிய வைத்தியசாலையும், டீன்ஸ் வீதி மார்பு நோய் கிளினிக்கும், நகருக்கு வெளியே வெலிசறை தேசிய சுவாச நோய் மருத்துவமனையும் இருக்கின்றன. மூன்றும் அரசாங்கத்தின் இலவச சேவை. மார்பு கிளினிக்குக்குப் போனாலே காசநோய் என்று பக்கத்து வீடு முடிவு கட்டிவிடும், தேநீர்க் கோப்பையைக்கூடத் தனியே வைக்கும். அங்கே காசநோயையும் பார்க்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் சி.ஓ.பி.டி.யும் பைப்ரோசிஸும் யாருக்கும் தொற்றாது. கொழும்பு ஒருகொடவத்தை மாதிரிச் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் இதை நாலு பேருக்குச் சொல்லிவைப்பதும் ஒரு வைத்தியம்தான்.

அடுத்தது வேலைக் கதை. அங்கே பேஸ்லைன் வீதி முடிவில் இரவு பகலாக ஓடும் கொன்டெய்னர் லொறிகளின் டீசல் புகையைக் குறை சொல்வது எளிது. டொக்டருக்கு வேண்டியதோ, இந்த மனிதர் 20, 30 ஆண்டுகளாக எந்தத் தூசியில் நின்றார் என்பது. கருங்கல் உடைப்பா, சீமெந்து மூட்டையா, வெல்டிங்கா, அஸ்பெஸ்டஸ் சீட்டை அறுத்த வேலையா? ஆண்டு, இடம், முதலாளி பெயரோடு ஒரு கொப்பியில் எழுதிக் கொடுங்கள். மனைவியின் கதையும் அதில் சேர வேண்டும்: தூசி படிந்த வேலை உடுப்பை உதறித் தோய்த்தவரின் நுரையீரலிலும் அஸ்பெஸ்டஸ் போய்ச் சேரும் என்பது உலகெங்கும் பதிவான உண்மை. நோயாளி மனைவியானால், எத்தனை ஆண்டு விறகடுப்பு ஊதினார் என்பதே முக்கியம்.

அஸ்பெஸ்டஸ் விஷயத்தில் அரசாங்கத்தை நம்பிக் காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். நீல அஸ்பெஸ்டஸ் 1987இலேயே இங்கே தடைசெய்யப்பட்டது. வெள்ளை அஸ்பெஸ்டஸுக்கு 2018 ஜனவரி முதல் கட்டுப்பாடு வரவிருந்தது. 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியில் ஒரு வண்டு கிடந்தது என்று ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது, இங்கே கட்டுப்பாடும் தள்ளிப்போனது. அஸ்பெஸ்டஸ் விற்பதும் அதே ரஷ்யாதான். உடையாத கூரையால் உடனடி ஆபத்து குறைவு. அதை உலர்ந்தபடி அறுப்பதும் சுரண்டுவதும் துளைப்பதும்தான் தூசியைக் கிளப்பும். நோயாளி இருக்கும் வீட்டில் கூரைவேலை நடக்கும்போது அவரை வேறு வீட்டில் வைப்பதே நல்லது.

தொழிலால் வந்த நோய் என்றால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்கலாம். நோயை வேலையோடு பொருத்தும் வைத்திய அறிக்கை இல்லாமல் அந்தக் கோரிக்கை நிற்காது. முன்பு சொன்ன கொப்பி உதவுவது இங்கேதான். நிரந்தரமாக வேலை செய்ய முடியாதென்று டொக்டர் சான்றளித்தால் 55 வயதுக்கு முன்பே ஈ.பி.எப். எனும் ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை எடுக்கலாம். "நாட்கூலிக்கு ஈ.பி.எப். இல்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சட்டம் நாட்கூலியையும் சேர்த்தே சொல்கிறது. கட்டாத முதலாளிமீது நாரஹேன்பிட்ட தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

சிகிச்சைச் செலவுக்கு ஜனாதிபதி நிதியத்தை நாடலாம். விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கும் வசதி 2025இல் வந்தது. அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரித் திட்டத்தில் சிறுநீரக நோயாளிக்குத் தனி உதவித்தொகை இருக்கிறது, நுரையீரல் நோயாளிக்கு அப்படிப் பிரிவே இல்லை. ஏன் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மாற்றுத்திறனாளி என்ற பிரிவில் வர முடியுமா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால், அலுவலகத்தோடு தமிழில் கருமமாற்றும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருப்பதைச் சொல்லுங்கள். உரக்க வேண்டாம், உறுதியாகப் போதும்.

இனி ஒக்சிஜன். இரத்தத்தில் ஒக்சிஜன் மிகவும் குறைந்த சி.ஓ.பி.டி. நோயாளிக்கு அதை நாளுக்கு 15 மணி நேரமாவது கொடுத்தால் ஆயுள் நீளும் என்று 1980களின் தொடக்கத்திலேயே ஆய்வுகள் காட்டின. இதைப் பரிசோதனை செய்து டொக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். பழைய ஒக்சிஜன் மெஷின் ஒன்று மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி மாட்டக் கூடாது. சி.ஓ.பி.டி.யில் அளவு மீறிய ஒக்சிஜன் ஆளை மயக்கத்தில் தள்ளும். ஒக்சிஜன் ஓடும்போது அறையில் சிகரெட், விளக்கு, மண்ணெண்ணெய் அடுப்பு எதுவும் கூடாது.

மெஷின் கரண்டில் ஓடுகிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் இருண்டது. ஆகவே மெஷின் வரும் அன்றே மாற்றுக்கு ஒரு சிலிண்டரும் வர வேண்டும், அதைத் திறக்க வீட்டில் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரவில் திடீரென்று மூச்சு முட்டினால் படுக்க வைக்க வேண்டாம். கதிரையில் இருத்தி, முன்னே சாய்ந்து முழங்கைகளை மேசையில் ஊன்றச் செய்யுங்கள். மூக்கால் இழுத்து, விசிலடிப்பதுபோல் உதட்டைக் குவித்து மெல்ல ஊதச் சொல்லுங்கள். கையடக்க மின்விசிறியை மூக்குக்கும் கன்னத்துக்கும் நேரே பிடித்தாலே பலருக்குத் தவிப்புக் குறைகிறது. பேச முடியாமல் திணறினாலோ உதடு நீலமானாலோ 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை.

நோய்த்தணிப்புச் சிகிச்சை என்றால் புற்றுநோயாளிக்கு மட்டும் என்ற எண்ணம் வைத்தியசாலைக்குள்ளேயும் இருக்கிறது. அடங்காத மூச்சுத் தவிப்புக்கு டொக்டர் சிறு அளவில் மோர்பின் எழுதுவது உலகெங்கும் உள்ள வழக்கம். அதைக் கேட்பதால் ஆளைக் கைவிட்டதாக ஆகாது. கடைசியில் செயற்கைச் சுவாச மெஷினில் போட வேண்டுமா, வீட்டிலேயே இருக்க விருப்பமா என்பதையும் அவர் வாயாலேயே கேட்டு, கிளினிக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். மூச்சு இருக்கும்போது கேட்க வெட்கப்பட்ட குடும்பங்களில், பிறகு ஐ.சி.யூ. வாசலில் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் நின்று வாதாடுவார்கள்.

மனைவிக்கும் நித்திரை வேண்டும், அவருடைய பிரஷரையும் யாராவது பார்க்க வேண்டும். மனம் தாங்காவிட்டால் மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926இல் பேசலாம். கிழமையில் ஒரு இரவாவது மகனோ மைத்துனரோ கட்டிலருகே படுக்கட்டும். மரண சாசனம் எழுதுவதென்றால் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும், நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள். ஈ.பி.எப்.பில் பெயர் கொடுத்திருக்கிறாரா என்பதை அவர் கையெழுத்து வைக்கக்கூடிய இப்போதே பார்த்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன்பு வேலைக்குச் சேர்ந்தவரின் படிவத்தில் அம்மாவின் பெயர் அப்படியே இருக்கக்கூடும்.