தண்ணீரை நிறுத்தாதீர்!

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. ஆனால் நோய் வந்த வீட்டில் என்ன செய்வது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்?

எங்கள் ஊரில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் முதல் வேலையாகத் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். "ஊத்த ஊத்தத்தானே போவுது" என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அது உயிரைப் பறிக்கும் நியாயம்.

எனக்குப் பத்து வயதானபோது என் தங்கைக்கு மூன்று வயது. ஒரு கோடைக்கால இரவில் பத்துப் பன்னிரண்டு முறை அவளுக்குப் பேதியாயிற்று. விடிந்தபோது கண்கள் குழி விழுந்திருந்தன. அழுதாள், கண்ணீர் வரவில்லை. தண்ணீர்ச் செம்பை அப்பாயி அடுப்படியில் மறைத்து வைத்திருந்தார். அன்று எங்கள் தெருவுக்கு வந்த கிராம சுகாதாரச் செவிலியர் அவள் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தார். மடிப்பு உடனே மறையவில்லை. பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து ஒரு லிட்டர் நீரில் கரைத்து, கரண்டி கரண்டியாக ஊட்டச் சொன்னார். மாலைக்குள் தங்கை சிறுநீர் கழித்தாள். விளையாட்டுச் சாமானைக் கேட்டாள்.

அந்தப் பொட்டலத்தில் இருந்தது என்ன? விலங்கியல் மாணவனான பிறகே எனக்கு அது விளங்கிற்று. பேதியில் உடல் இழப்பது நீரையும் உப்புகளையுமே. வெறும் நீரால் இரண்டையும் ஈடுசெய்ய இயலாது. ஆனால் நமது சிறுகுடலின் சுவரில் ஒரு வாயில் உண்டு. சோடியமும் குளுக்கோஸும் கைகோத்து வந்தால் அது இரண்டையும் உள்ளே விடும். அவற்றைத் தொடர்ந்து நீரும் செல்லும். காலராவிலும்கூட இவ்வாயில் பழுதடைவதில்லை. உப்பும் சர்க்கரையும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

1971-ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்கத்தின் போன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் உப்புநீர் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றைக் கரைத்து, நோயாளியின் உறவினர் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-இல் மறைந்தார். மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

இனி வீட்டில் செய்ய வேண்டியவை:

1. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும், அதில் குறித்துள்ள அளவு கொதித்தாறிய நீரில் கரைக்கவும். கரைத்தபின் கொதிக்க வைக்கலாகாது. 24 மணி நேரத்திற்குப் பின் மீதியைக் கொட்டிவிட வேண்டும்.

2. பொட்டலம் இல்லையேல், ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்பு மிகுந்தால் ஆபத்து.

3. ஒவ்வொரு முறை பேதியானதும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட சிறுவர்க்கு 100 முதல் 200 மில்லி, பெரியவர்க்கு வேண்டுமளவு கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மெதுவாகத் தொடரவும்.

4. தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தக்கூடாது. உப்பிட்ட அரிசிக் கஞ்சி நல்லது. குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரையை மருத்துவர் சொன்னபடி கொடுக்க வேண்டும்.

5. மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி, குடிக்க இயலாமை, மயக்கம், சிறுநீர் வராமை ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வருமுன் காப்பது இன்னும் எளிது. காய்ச்சிய நீர், மலம் கழித்தபின்னும் உண்ணுமுன்னும் சோப்பிட்டுக் கை கழுவுதல், முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், 6, 10, 14-ஆம் வாரங்களில் அரசு இலவசமாகத் தரும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து ஆகியவை போதும்.

சென்ற விடுமுறையில் இவற்றையெல்லாம் அப்பாயியிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "உங்க பெரியப்பனுக்கு முன்னால ஒண்ணு பொறந்து இப்படித்தான்யா போச்சு. தண்ணி, தண்ணின்னு கேட்டுச்சு. நான் குடுக்கல" என்றார். குறை அவருடையதன்று, அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நண்பர்களே, நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். இங்கே கற்றதை நம் அடுப்படி வரை கொண்டு செல்வோம். இப்போது எங்கள் தெருவில் எந்தக் குழந்தைக்குப் பேதி என்றாலும், உப்பையும் சர்க்கரையையும் அளந்துகொண்டு முதலில் ஓடுபவர் என் அப்பாயிதான்!