பிள்ளை பெற்றவளின் மனசுக்கும் வைத்தியம் உண்டு



பிரசவமான 3, 4 நாளில் தாய்க்குக் காரணமில்லாமல் அழுகை வரலாம். பெரும்பாலும் 2 வாரத்துக்குள் அது தானே தணிந்துவிடும். தணியாமல், தூக்கமும் பசியும் கெட்டு, பிள்ளையைத் தூக்கவும் மனசு வராமல் இருந்தால், அது மனச்சோர்வு நோய். காத்து கறுப்பு அல்ல, சோம்பேறித்தனமும் அல்ல.

கணவரே! "ஊர்ல எல்லாரும்தான் பெத்தாங்க" என்று ஏசாதீர்கள். ராத்திரி கொஞ்ச நேரம் பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொண்டு, அவரைத் தூங்க விடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். பால் கொடுப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கேற்ற மாத்திரை உண்டு. பலன் தெரியச் சில வாரம் ஆகும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

"செத்துப்போகலாம் போலிருக்கு" என்றாலோ, பிள்ளையை ஏதும் செய்துவிடுவேனோ என்று பயந்தாலோ, தனியே விடாமல் அன்றைக்கே போங்கள். 14416க்கு இரவு பகல் எந்நேரமும் போன் செய்து பேசலாம்.

தாய் தேறினால் பிள்ளையும் தேறும்.