நிக்ஸ் அமைவுக்கோப்பைப் பைத்தானுக்குப் பெயர்த்தல்: மதிப்பீட்டு நேரம் குறித்த சிக்கல்

மென்பொருள்கள் எவற்றைக் கொண்டு எவ்வாறு கட்டப்பட வேண்டும் என்பதை அறிவிக்கும் செயற்கூற்றுவழி மொழி நிக்ஸ். எல்கோ டோல்ஸ்ட்ரா உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 2006இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு இதன் அடிப்படைகளை விரித்துரைக்கிறது. நிக்ஸ் கோப்பைப் பைத்தானுக்குப் பெயர்ப்போர் பெரும்பாலும் தொடரமைப்பையே முதலில் நோக்குவர். அது எளிது. எந்த மதிப்பு எப்போது கணிக்கப்படுகிறது என்பதே கடினம்.

புதுக்கோட்டை மாவட்டக் கல்வெட்டுகளுக்கு மின்தொகுப்பு ஒன்று அமைப்பதாகக் கொள்வோம். சித்தன்னவாசலின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, குடுமியான்மலையின் கிரந்த எழுத்து இசைக் கல்வெட்டு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பதிவுகள்; ஒவ்வொன்றிலும் ஊர், எழுத்து, எழுத்துப்பெயர்ப்பு என மூன்று புலங்கள். பெயர்ப்பு விதி இன்னும் எழுதப்படாத எழுத்தாயின் கடைசிப் புலம் பிழை எழுப்பும். ஊர்ப்பட்டியலை மட்டும் கேட்டால் நிக்ஸ் அப்புலத்தைத் தொடுவதே இல்லை. பைத்தானோ அகராதியை உருவாக்கும்போதே எல்லாப் புலங்களையும் கணிக்கிறது. ஒரு பதிவின் குறையால் தொகுப்பு முழுவதும் திறவாது நிற்கும்.

இதற்கு வழக்கமான தீர்வு, அப்புலத்தை அளபுரு அற்ற லாம்டா செயற்கூறாக ஒத்திவைப்பது. பெரிய இடர் இத்தீர்வில்தான் ஒளிந்துள்ளது. பதிவுகளை ஒரு மடக்கில் உருவாக்கினால், லாம்டா பற்றிக்கொள்வது மடக்கு மாறியையே. அந்நேரத்து மதிப்பை அன்று. மடக்கு முடிந்தபின் அழைத்தால் எல்லாச் செயற்கூறுகளும் கடைசிப் பதிவையே காணும். குடுமியான்மலை கடைசியில் இருப்பின், சித்தன்னவாசல் பதிவின்கீழ் இசைக் கல்வெட்டின் பெயர்ப்பு தோன்றும். பிழைச்செய்தி எதுவும் எழாது. ஆய்வாளர் அதனை மெய்யென்றே மேற்கோள் காட்டக்கூடும். முன்னைய பிழை தன்னை உரக்க அறிவித்தது, இது அறிவிப்பதில்லை. நிக்ஸில் ஒரு பெயருக்கு மறுமதிப்பு இட இயலாது என்பதால் இச்சிக்கல் அங்கு இல்லை. பைத்தானில் ஒவ்வொரு பதிவையும் தனிச் செயற்கூறொன்றுக்கு அளபுருவாக அனுப்பி, லாம்டாவை அதனுள் உருவாக்க வேண்டும்.

குறியீடுகளும் ஏமாற்றவல்லன. இரட்டைச் சாய்கோடு நிக்ஸில் இரு பண்புத்தொகுதிகளை இணைக்கும். பைத்தானில் அது முழுஎண் வகுத்தல். அகராதிகளை இணைக்கும் நிலைக்கோடு பைத்தான் 3.9இல்தான் வந்தது. வகுத்தலிலும் வேறுபாடு உண்டு: -7ஐ 2ஆல் முழுஎண்ணாக வகுத்தால் நிக்ஸ் -3 என்றும் பைத்தான் -4 என்றும் விடை தரும். பொது ஆண்டுக்கு முந்தைய காலங்களை எதிர்மறை எண்களாகக் குறிக்கும் தொகுப்பில் இது நூற்றாண்டையே மாற்றிவிடும்.

நிக்ஸின் சரம், தான் எந்தக் கட்டுமானத்தைச் சார்ந்தது என்னும் தகவலையும் உடன் சுமக்கிறது. பைத்தானின் சரத்தில் அதற்கு இடமில்லை; தனி வகுப்பு ஒன்றை எழுதியே அதனைக் காக்க இயலும்.