வங்கக் கடலில் வளர்ந்த "ரோஜா"!

2016-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 12-ந் தேதி. திங்கட்கிழமை.

தாம்பரத்தில் மின்சார ரெயில் நின்றுவிட்டது. மீனம்பாக்கத்தில் விமானங்கள் பறக்கவில்லை. கூரைத் தகடுகள் காகிதம்போல் பறந்தன. வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. பூங்காவையே பல வாரம் மூடிவைக்க வேண்டியதாயிற்று.

வந்த புயலின் பெயர் "வர்தா". பெயர் சூட்டிய நாடு பாகிஸ்தான். வர்தா என்றால் ரோஜாப்பூ! செய்த வேலைக்கும் பெயருக்கும் என்ன பொருத்தமோ!

பிறந்தது எங்கே?

அந்தமானுக்கும் தெற்கே, வெதுவெதுப்பான கடலில் இது கருக்கொண்டது. முதலில் வெறும் காற்றழுத்தத் தாழ்வுதான். 8-ந் தேதி புயல் ஆயிற்று. 10-ந் தேதி மிகத் தீவிர புயல் ஆயிற்று.

காற்று மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் அது புயல். 89-ஐத் தொட்டால் தீவிர புயல். 118-ஐத் தாண்டினால் மிகத் தீவிர புயல். இதுதான் கணக்கு.

புயலுக்குத் தீனி எது தெரியுமா? கடலின் சூடு! தண்ணீர் ஆவியாகி மேலே போகிறது. அங்கே குளிர்ந்து மேகமாகும்போது, வாங்கிய சூட்டைத் திருப்பிக் கொடுக்கிறது. அந்தச் சூட்டில் காற்று இன்னும் வேகமாக மேலே ஏறுகிறது. கீழே காலியான இடத்துக்கு நாலாபுறமும் இருந்து காற்று ஓடிவருகிறது. பூமி சுழல்வதால் அந்தக் காற்று நேராக வராமல் வளைந்து சுற்றுகிறது. நம் பக்கத்தில் அது இடமாகச் சுற்றும். கடல் நீரில் ஏறத்தாழ 26½ டிகிரி சூடாவது இருந்தால்தான் இந்த அடுப்பு எரியும்.

பள்ளிக்கரணையில் ஒரு காவல்

நடுக்கடலில் நடப்பதை யார் பார்த்துச் சொல்வது? முன்பு கப்பல்காரர்கள் சொன்னால்தான் உண்டு. அதுவும் புயலில் சிக்கிப் பிழைத்து வந்தவர்கள் சொல்ல வேண்டும்!

இப்போது வானில் இருந்து இன்சாட் செயற்கைக்கோள் படம் எடுத்து அனுப்புகிறது. தாம்பரத்தில் இருந்து வேளச்சேரி போகும் வழியில், பள்ளிக்கரணையில், தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அவர்கள் வங்கக் கடலில் மிதவைகளை நங்கூரம் பாய்ச்சி நிறுத்தியிருக்கிறார்கள். ஆள் இல்லாத காவல்காரர்கள்! காற்றின் வேகம், அழுத்தம், தண்ணீரின் சூடு எல்லாவற்றையும் அளந்து, செயற்கைக்கோள் மூலம் கரைக்குச் சொல்லிவிடும்.

புயல் கரையை நெருங்கினால், சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002-ல் நிறுவிய டாப்ளர் ரேடார் அதைப் பிடித்துக்கொள்ளும். ரெயில் ஊதிக்கொண்டே நம்மைக் கடந்து போகும்போது ஒலி மாறுகிறதல்லவா? அதே வித்தைதான். ரேடார் அனுப்பும் அலை மழைத்துளியில் பட்டுத் திரும்புகிறது. அலை மாறியிருப்பதைக் கொண்டு துளி எந்த வேகத்தில் ஓடுகிறது என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

இத்தனை இருந்தும் புயலின் பாதையைச் சொல்வது கடினம். வர்தா ஆந்திரக் கரைக்குப் போகும் என்றுதான் முதலில் கணித்தார்கள். நெல்லூர், காக்கிநாடா என்று பேச்சு அடிபட்டது. நாள் நெருங்க நெருங்க அது தெற்கே இறங்கிச் சென்னையைக் குறிபார்த்தது. கடைசி இரண்டு நாட்களில் வந்த எச்சரிக்கைகள்தான் பலரை வீட்டுக்குள் இருக்கவைத்தன.

ஏமாற்றும் கண்

பிற்பகல் 3 மணிக்கும் 5 மணிக்கும் நடுவே வர்தா சென்னை அருகே கரை ஏறியது. அப்போதும் காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல்!

புயலின் நடுவே "கண்" என்று ஒன்று உண்டு. அங்கே காற்று அடங்கிக் கிடக்கும். கண் கடக்கும் ஊரில் திடீரென்று அமைதி. "புயல் போய்விட்டது" என்று எண்ணி வெளியே வந்தால் ஆபத்து! சற்று நேரத்தில் காற்று எதிர்த்திசையில் இருந்து அடிக்கும். வடக்கே இருந்து வந்த காற்றில் பாதி சாய்ந்து நிற்கும் மரத்தைத் தெற்கே இருந்து வரும் காற்று தள்ளி முடித்துவிடும். அந்த நேரத்தில் மரத்தடியில் யாரும் நிற்கக் கூடாது.

தரைக்கு வந்த பிறகு வர்தாவுக்குக் கடலின் சூடு கிடைக்கவில்லை. மறுநாள் கர்நாடகத்துக்குள் போனபோது அது புயலாகவே இல்லை.